செம்பும் கெண்டியும்

நீர் மொள்ளும் ஒரு செம்பைப் பற்றி அயல்நாட்டார் இருவர் எழுதிய ஒரு பக்கத்தை முன்வைத்துச் சில சொல்ல விரும்புகிறோம்.

1958ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இந்திய அரசிடம் ஓர் அறிக்கை அளிக்கப்பெற்றது. எழுதியோர் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் கணவன் மனைவியர். ஃபோர்டு அறக்கட்டளையின் பொருளுதவியோடு நாட்டின் பல பகுதிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்நாட்டுக்கு வடிவமைப்புக் கல்வி எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்று அவர்கள் எழுதித் தந்ததே ‘இந்தியா ரிப்போர்ட்’ என வழங்கும் நூல். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்ததற்கு இதுவே வித்து. வடிவமைப்புப் பயிற்றும் எந்தப் பயிற்சிக்கூடத்திலும் இன்றளவும் இதன் பெயர் சொல்லப்படுகிறது; பெயர் சொல்வோர் பலர், படித்தோர் சிலரே என்பது நம் எண்ணம்.

நமக்கு ஆங்கிலம் அரைகுறை. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், பின்னர்க் கட்டடக்கலை பயின்று வெளியூரில் பணிபுரிபவர், பெருநாள் விடுப்பில் மொரப்பூர் வந்திருந்தபோது இதனைக் கொண்டுவந்து வரிவரியாகப் பொருள் சொன்னார். அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கினோம். மஃரிபுக்கு முன் முடிந்துவிட்டது. அவ்வளவு சிறிய நூல். ஆயின் அதன் நடுவே வரும் அந்த ஒரு பக்கம் நம்மைப் பல இரவுகள் விடவில்லை.

அப்பக்கம் லோட்டாவைப் பற்றியது. லோட்டா என்றால் வேறொன்றுமில்லை. நம் வீட்டுச் செம்புதான். இந்தியாவில் தாம் கண்ட பொருள்களுள் எல்லாம் மிக அழகியது அதுவே என்று கூறிவிட்டு, அதனை நாம் புதிதாக வடிவமைக்கப் புகுந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவர்கள் அடுக்கிச் செல்கிறார்கள். எவ்வளவு நீர் மொள்ள வேண்டும்? யாருடைய கை, ஆணுடையதா, பெண்ணுடையதா, குழந்தையுடையதா? தலையிலா, இடுப்பிலா, கையிலா, எதில் சுமப்பது? நிறைந்திருக்கையில் எங்கே கனக்கும், வெறுமையாய் இருக்கையில் எங்கே கனக்கும், சாய்க்கும்போது கனம் எப்படி நகரும்? கழுத்தின் அகலம் என்ன? துலக்குவது எப்படி? வெயிலில் பட்டால் கைக்கு எப்படி இருக்கும்? தட்டினால் என்ன ஓசை? விலை என்ன? உடைந்து போனால் அந்த உலோகத்துக்கு மறுவிலை உண்டா? இப்படியே கேள்விகள் பெருகுகின்றன. விடை ஒன்றுகூட இல்லை. முடிவில், இச்செம்பை எந்த ஒருவரும் வடிவமைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து ஆக்கியது என்கிறார்கள். புதிய நிறுவனம் செய்ய வேண்டியது நம் காலத்துக்கான இத்தகைய செம்புகள் விரைந்து உருவாக வழி செய்வதே என்பது அவர்கள் கருத்து.

இதனைக் கேட்டபோது நமக்கு முதலில் நினைவு வந்தது ஃபிக்ஹுப் பாடம். மதரஸாவில் ஓதியவர் எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. கிணற்றில் எலி விழுந்தால் என்ன சட்டம், விழுந்து ஊதிப்போயிருந்தால் என்ன, எப்போது விழுந்தது என்று தெரியாவிட்டால் என்ன என்று ஒரு பொருளைப் பத்துத் திசையிலிருந்தும் கேட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்கு அங்கே ஊட்டப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்போர் அதனை வீண் துருவல் என்று நகைப்பதுண்டு. ஆனால் உயர்நிலைப்பள்ளி மாணவனுக்கு வடிவமைப்புக் கற்பிக்க வேண்டுமானால் அதற்கு வேண்டிய முதல் பழக்கம் இத்துருவல்தான் என்பதை அமெரிக்கர் இருவர் வந்து எழுதி வைத்திருக்கிறார்கள். கேள்வியைப் பாடமாக்கியது இவ்வறிக்கையின் பெருமை. இதில் நமக்கு ஐயமே இல்லை.

இனி நம் பள்ளிகளில் நடப்பதைப் பாருங்கள். ஓவிய வகுப்பு என்பது பெரும்பாலும் கால அட்டவணையில் மட்டும் இருப்பது. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார்; ஓவிய ஆசிரியரும் கொடுத்துவிடுவார், கொடுக்காமல் என் செய்வார்? 2012இல் தமிழக அரசு ஓவியம், தையல், உடற்பயிற்சி, கணினி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியரை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பின்னர் அத்தொகை சிறிது சிறிதாக உயர்ந்தது உண்மையே. ஆயினும் ஒரு பாடத்தை அரை நாள் பாடமாகவும், அதன் ஆசிரியரை அரை ஆசிரியராகவும் வைத்தால் மாணவன் கண்ணில் அதன் மதிப்பு என்னவாகும்? கரும்பலகையில் வரைந்த மயிலைப் பார்த்து மயில் வரைவான். அதற்கு மேல் கேட்க அவனுக்கு நேரமில்லை, சொல்ல அவருக்கும் நேரமில்லை.

இந்தப் பார்த்து வரைதல் நேற்று வந்ததன்று. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கியபோதே அதுவும் உடன் வந்துவிட்டது. மேனாட்டு மாதிரிகளை முன்னே வைத்துக் கோடு பிசகாமல் பெயர்த்தெழுதுவதே அக்காலத்து ஓவியக் கல்விக்கு அடிப்படை. ஆனால் அதே பள்ளியில் வேறொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நீதியன்று. 1898 அளவில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியத்தால் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். செம்பும் பித்தளையும் வாங்க இயலாதார் வீட்டு அடுப்பில் ஏற அலுமினியப் பானைக்கு இந்நாட்டில் வழி திறந்தது ஒரு கலைப்பள்ளியின் பட்டறையில்தான். பார்த்தெழுதும் வகுப்பு ஒரு புறம், புதுப் பாத்திரம் பிறக்கும் பட்டறை மறுபுறம். நம் உயர்நிலைப்பள்ளிகளுக்கு முன்னதுதான் வந்து சேர்ந்தது, பின்னது வரவில்லை.

நிற்க. அறிக்கையைப் புகழ்ந்துவிட்டுப் போவதற்காக இதனை எழுதப் புகவில்லை. ஒரு நூலைப் பாடமாக வைக்கலாமா என்று அறிய அதனை மாணவர் நடுவே வைத்துப் பார்க்க வேண்டும். நாம் வைத்துப் பார்த்தோம்.

வட்டாரத்துப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் சிலரை, தலைமையாசிரியர் இசைவோடு, சனிக்கிழமை முற்பகலில் கூட்டினோம். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவே ஒரு சமுக்காளம் விரித்தோம். ‘ஸ்டுடியோ’ என்று ஆங்கிலத்தில் பெரிதாகச் சொல்கிறார்களே, அதற்கு வேண்டியது இவ்வளவே: எல்லார் வேலையும் எல்லார் கண்ணிலும் படும்படி ஓர் இடம். மஸ்ஜிதில் தூணோரம் உஸ்தாதைச் சுற்றி வட்டமாய் அமர்ந்து ஓதும் ஹல்காவும் அதுவே. சமுக்காளத்தின் மேல் மூன்று பொருள்களை வைத்தோம். ஒன்று பித்தளைச் செம்பு. மற்றொன்று நம் வீட்டில் பழையதாய்க் கிடந்த மூக்குக் கெண்டி, உர்தூ பேசும் வீடுகளில் பத்னா என்பார்களே, அது. மூன்றாவது எல்லாரும் அறிந்த பிளாஸ்டிக் குடம்.

அறிக்கையின் கேள்விகளைத் தமிழாக்கி ஒவ்வொன்றாகக் கேட்டோம். முதல் அரைமணி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேள்விக்கு விடை புத்தகத்தின் பின்புறம் இருக்கும் என்றே பழகிய பிள்ளைகள். பின்னர் ஒரு மாணவி பிளாஸ்டிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக் காட்டி, “ஐயா, இதோட கழுத்து பித்தளைக் குடத்தைப் பாத்து செஞ்சது. பித்தளைக்கு அந்தக் கழுத்து வேணும், தட்டி ஒட்டணும். பிளாஸ்டிக்குக்கு எதுக்கு?” என்றாள். அவள் தாத்தா பாத்திரம் ஒட்டுபவராம். நாம் மெய்யாகவே வாயடைத்தோம். பின் வேறொருத்தி, கழுத்து இல்லாவிட்டால் கை வளைத்துப் பிடிக்க முடியாது, நடக்கும்போது நீர் சிந்தும் என்றாள். ஒரு பையன் உடனே எழுந்து, தன் அம்மா பித்தளைக் குடம் சுமந்த காலத்தில் இடுப்பு வலியென்று படுத்ததையும், பிளாஸ்டிக் குடம் வந்தபின் அது குறைந்ததையும் சொன்னான். அழகு போயிற்று என்று பிளாஸ்டிக் குடத்தைப் பழிக்கும் கலைஞர்கள் அந்தப் பையனுக்கு விடை சொல்ல வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தில் நீரைப் பற்றிப் பேசினால் பேச்சு பாத்திரத்தோடு நிற்காது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்ட மண் இது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. குழாயடியில் வரிசையாய்க் குடங்கள் அமர்ந்திருக்கும் காட்சி இப்பிள்ளைகளுக்குப் பாடநூலில் வருவதன்று. காலையில் அவர்களே வைத்துவிட்டு வந்த குடங்கள் அவை. ஆகவே கேள்வி ஒன்று தானாகவே எழுந்தது. அது அறிக்கையில் இல்லாதது: சிந்தும் நீர் எங்கே போகிறது?

இங்குதான் நாம் கெண்டியைக் கையிலெடுத்தோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்ததாக ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. முத்து என்பது நடுத்தரமான இரு கைகளைச் சேர்த்து அள்ளினால் கொள்ளும் அளவு. மத்ஹபுகளிடையே கணக்கில் வேறுபாடு உண்டெனினும் எக்கணக்கிலும் ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேல் போகாது. முஸ்லிம் மாணவன் ஒருவனைப் பள்ளிக் குழாயில் அவன் வழக்கப்படி ஒளுச் செய்யச் சொல்லி, வழிந்த நீரைக் கீழே வாளி வைத்துப் பிடித்தோம். வாளி பாதிக்கு மேல் நிறைந்தது. அடுத்துக் கெண்டியைக் கொடுத்தோம். ஒரு கெண்டி நீரில் முடித்துவிட்டு மிச்சமும் வைத்தான். நீர் குறைந்தது அவன் பக்தியினால் அன்று, மூக்கினால். மூக்கு மெல்லிதாய், கழுத்தை விடச் சற்றே தாழ்ந்து, வளைந்து இருக்கிறது. சாய்த்தால் ஊற்றாது, ஒழுக்கும். அவ்வொழுக்கு ஒரு கைக்குப் போதும். இதனைச் செய்த கன்னார் எவரோ நமக்குத் தெரியாது. அவர் ஒளுச் செய்பவரின் இடக்கை எங்கே இருக்கும், வலக்கை எங்கே இருக்கும் என்று எண்ணிப் பார்த்தவர் என்பது மட்டும் தெரிகிறது. மலாய் நாட்டிலும் இவ்வடிவக் கலத்தைக் கெண்டி என்றே அழைக்கிறார்கள். கப்பல் ஏறிப் போன சொல்லோடு கலமும் போயிருக்கலாம்.

அறிக்கை மேல் நம் முதற்குறை இதுவே. எவ்வளவு நீர் வேண்டும் என்று அது கேட்கிறது. எவ்வளவு நீர் போதும் என்று கேட்கவில்லை. இரண்டும் ஒன்றென எண்ணுவோர் கோடையில் மொரப்பூரில் ஒரு திங்கள் இருந்து பார்க்கலாம். வேண்டும் என்பது பயன்படுத்துபவரின் ஆசையிலிருந்து தொடங்குகிறது. போதும் என்பது வரம்பிலிருந்து தொடங்குகிறது. வரம்பு வைத்த பின்புதான் வடிவம் பிறக்கும் என்பது எந்தக் கவிதை ஆசானும் யாப்பு நடத்தும்போது சொல்வது. மாணவருக்கு ‘நல்ல பாத்திரம் ஒன்று வரைந்து வா’ என்றால் பூப்போட்ட குவளை வரைந்து வருகிறார்கள். ‘ஒரு முத்து நீரில் ஒளு முடிய வேண்டும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு கையால் தூக்க வேண்டும், தரையில் வைத்தால் கவிழக் கூடாது’ என்றால் அவர்கள் வரைவதற்கு முன் அளக்கத் தொடங்குகிறார்கள். இரண்டாம் சனிக்கிழமை அவர்கள் எல்லார் உள்ளங்கையையும் தாளில் வைத்து வரைந்து எடுத்து வந்தார்கள். நாம் சொல்லவில்லை.

நம் பள்ளிவாசல்களிலும் பழைய ஹவுள்களை மூடிக் குழாய் வரிசை கட்டுகிறோம். ஹனஃபீ நூல்களில் பத்துக்குப் பத்து முழம் என்று தேக்கநீருக்கு ஓர் அளவு வைத்தார்களே, அதன் கரையில் அமர்ந்தவர் அள்ளிய நீரின் அளவையும் குழாயில் திறந்துவிட்ட நீரின் அளவையும் நிருவாகக் குழுவினர் ஒரு நாளாவது அளந்தார்களா? அது வேறு கட்டுரை.

இரண்டாம் குறை பெரிது. லோட்டாவைத் தலைமுறைகள் ஆக்கின என்று அறிக்கை வியக்கிறது. வியந்துவிட்டு, அத்தலைமுறையின் பேரப்பிள்ளை எங்கே படிப்பான் என்று கேட்காமலே நிறுவனத்தின் திட்டத்துக்குப் போய்விடுகிறது. அகமதாபாத் நிறுவனம் தொடக்க ஆண்டுகளில் பட்டதாரிகளையே கொண்டு நடந்தது. பள்ளிப்படிப்பு முடித்தவர்க்கான திட்டம் 1970இல்தான் வந்தது. அதிலும் நுழைவுத் தேர்வு, ஆங்கிலம், பெருநகரப் பயிற்சி வகுப்பு என்று எத்தனை வாயில்கள்! பாத்திரம் ஒட்டுபவரின் பேத்தி குடத்தின் கழுத்தைப் பற்றி நம் முன் சொன்னது எந்த நுழைவுத் தேர்வுக்கும் போதுமான விடை. அவள் அத்தேர்வின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. முன்னோரை ஓர் ஊர்ப்பெயர் தெரியாக் கூட்டமாகப் புகழ்வது எளிது. அவர் வீட்டுப் பிள்ளையைப் பெயர் சொல்லி வகுப்பில் அமர்த்துவது அரிது. அறிக்கையாளர் எளியதைச் செய்தார்கள்.

இவ்விடத்தில் அன்பர் சிலர் நம்மை இடைமறிப்பர். “பாத்திரக்காரர் பிள்ளைக்குப் பாத்திரம், தச்சர் பிள்ளைக்குத் தச்சு என்று மறுபடியும் பழைய வழிக்கே இழுக்கிறீர்களா?” நியாயமான கேள்வி. 1953இல் இராஜாஜி அரசு அரை நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்ததையும், குலக்கல்வி என்று நாடே எதிர்த்ததையும், 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அதனைக் கைவிட்டதையும் தமிழகம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அதற்கு முன் 1937இல் காந்தியடிகள் வார்தாவில் கூட்டிய மாநாட்டின் பேரில் ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜாமிஆ மில்லியாவின் டாக்டர் ஜாகிர் ஹுசைன். கைத்தொழிலை நடுவாக வைத்துக் கணக்கும் மொழியும் வரலாறும் அதிலிருந்தே கற்பிக்கலாம் என்பது அதன் கரு. அரிய கரு. நூற்பு வகுப்பில் தக்கிளி சுற்றியது. ஆனால் தக்கிளி ஏன் அவ்வடிவில் இருக்கிறது, அதன் வட்டு ஏன் கீழே இருக்கிறது, மேலே இருந்தால் என்ன ஆகும் என்று எத்தனை பள்ளிகளில் கேட்டார்கள்? பெரும்பாலான இடங்களில் நூலின் நீளத்தை அளந்தார்கள், அவ்வளவே. செய்பொருளைக் கேள்விக்கு உட்படுத்தாத கைத்தொழில் வகுப்பு வேலைவாங்கும் வகுப்பாகவே முடியும். அந்த அச்சம்தான் 1953இல் வெடித்தது.

ஆகவே நாம் சொல்வது இது. குயவர் பிள்ளையைச் சக்கரத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை; குயவரை வகுப்பறைக்கு அழைக்கச் சொல்கிறோம், ஆசிரியராக, ஊதியத்தோடு, நாற்காலி போட்டு. 1919இல் ஜெர்மனியில் தொடங்கி 1933இல் மூடப்பட்ட பௌஹவுஸ் என்னும் புகழ்பெற்ற பள்ளியில் பட்டறைக்கு இரண்டு ஆசான்கள் இருந்தார்கள். ஒருவர் உருவம் பயிற்றுபவர், மற்றவர் தொழில் பயிற்றுபவர். அங்கும் இருவருக்கும் மதிப்பு ஒன்றாயில்லை என்பார்கள். ஆனாலும் ஒரே அறையில் இருவரும் நின்றார்கள். வங்கி மேலாளர் மகனும் பாத்திரம் ஒட்டுபவர் பேத்தியும் அவ்விருவரிடமும் ஒன்றாகக் கற்கட்டும். குலக்கல்விக்கும் இதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

அண்மைக் காலத்தில் வேறொரு திசையிலும் முயற்சி நடக்கிறது. 2016 முதல் நிதி ஆயோக் அமைப்பு ‘அடல் டிங்கரிங்’ கூடங்களைப் பள்ளிகளில் நிறுவி வருகிறது. ஒரு பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய் வரை உதவி. முப்பரிமாண அச்சுப்பொறியும் மின்னணுப் பெட்டிகளும் வருகின்றன. நாம் அவற்றைப் பழிக்கவில்லை. கிராமப் பிள்ளை கை வைக்க அது வேண்டியதே. ஆயின் கருவி முதலில் வந்து கேள்வி பின்னர் வந்தால், கருவியால் என்ன செய்ய முடியுமோ அதுவே கேள்வியாகிவிடும். அச்சுப்பொறி வந்த பள்ளியில் சாவிக்கொத்து வளையம் அச்சாவது இதனால்தான். நம் சமுக்காள வகுப்புக்கு ஆன செலவு வெள்ளைத்தாள், சணல், களிமண், ஒரு வாளி.

நம் சமுதாயத்துக்குள் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு, கசப்பாயினும் சொல்வோம். மூன்றாம் சனிக்கிழமை முஸ்லிம் மாணவி ஒருத்தி வரவில்லை. விசாரித்தால், “படம் வரையற வகுப்புன்னு சொன்னாங்க ஹஜ்ரத், அதான் அத்தா வேண்டாம்னுட்டார்” என்று அவள் தாயார் சொன்னார். உயிருள்ளவற்றின் உருவத்தைப் பற்றிய மார்க்கச் சட்டம் நமக்கும் தெரியும். அதில் அறிஞர்களிடையே உள்ள விரிவும் தெரியும். ஆனால் படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு வழி சொன்ன செய்தி ஹதீஸ் ஓதிய எவரும் அறிந்ததன்றோ? தடை ஒரு வாசலை மூடியபோது நம் முன்னோர் வீட்டுக்குள் சும்மா இருக்கவில்லை. கவராயத்தையும் நேர்கோலையும் எடுத்தார்கள். சுவரெங்கும் நட்சத்திரப் பின்னல் படர்ந்தது. அப்பாஸியர் ஆட்சியில் அமைச்சராயிருந்து 940இல் மறைந்த இப்னு முக்லா, எழுத்துக்கே அளவு வகுத்தார். நாணற் பேனாவின் முனை தாளில் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அலகு. அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, அவ்வலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குள் மற்ற எழுத்துகள் என்று கணக்குப் போட்டார். சூழ்ச்சிக்கு ஆளாகி வலக்கை வெட்டப்பட்ட வரலாறு வேறு. அவர் செய்தது ஓவியமா, வடிவமைப்பா?

அவ்வளவு தொலைவு போவானேன்? அரபுத்தமிழ் நம் வீட்டு மாடத்தில் இருந்தது. அரபியில் இல்லாத ட, ண, ள, ழ, ஞ போன்ற ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்தின் மேலும் கீழும் புள்ளியும் வட்டமும் கூட்டிப் புதிய எழுத்து ஆக்கினார்கள். எகர ஒகரத்துக்கும் குறி கண்டார்கள். ஓதத் தெரிந்த பெண்மணிக்குப் புதிதாக ஒரு நெடுங்கணக்குக் கற்பிக்காமல், அவள் கண் பழகிய உருவிலேயே அவள் வாய் பழகிய மொழியைக் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதே அவர்கள் முன் இருந்த கேள்வி. லோட்டாவைப் பற்றி ஈம்ஸ் தம்பதியர் கேட்ட கேள்விகளுக்கு இது எவ்வகையில் தாழ்ந்தது? நம் நன்னிமார் ஓதிய கல்லச்சுப் புத்தகம் வடிவமைப்பு வகுப்பில் வைக்க வேண்டிய பொருள். அதனைக் கறையானுக்குக் கொடுத்துவிட்டு, வடிவமைப்பு நம்முடையதன்று என்று பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்துகிறோம். நாம் அந்தத் தந்தையாரைச் சந்தித்துக் கெண்டியின் கதையைச் சொன்னோம். அவர் நெடுநேரம் கேட்டார். அடுத்த சனிக்கிழமை தாமே சைக்கிளில் மகளைக் கொண்டுவந்து விட்டுப் போனார்.

அறிக்கையில் இல்லாத மற்றொன்று, மாணவன் செய்துவந்ததை எப்படிக் குறை சொல்வது என்பது. இதனை இதழியல் விமரிசகரும் கற்கலாம். ஸ்டுடியோ முறையில் ஒவ்வொருவர் வேலையையும் நடுவே வைத்து எல்லாரும் பேசுவர். பெரிய கல்லூரிகளில் இப்பேச்சில் மனம் உடைந்தோர் உண்டு என்று நம் மாணவர் சொன்னார். நமக்கு அழகெழுத்துக் கற்பித்த உஸ்தாத் நாம் எழுதிய பலகையை வாங்கி ஒரு சொல்லும் சொல்லாமல், பிழைபட்ட எழுத்தின் அடியில் சரியான எழுத்தை ஒரு முறை எழுதித் தருவார். பலமுறை எழுதினோம், பலமுறையும் அப்படியே. ஒரு நாள் அடியில் ஒன்றும் எழுதாமல் பலகையைத் திருப்பிக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு ஓடினோம். ஆனால் நேர்மையாகச் சொன்னால் இம்முறை முழுதும் ஏற்றதன்று. அலிஃபுக்குச் சரியான வடிவம் ஒன்று உண்டு. குவளைக்கு அப்படி ஒன்றில்லை. நம் வகுப்பில் ஒரு பையன் செய்த களிமண் கெண்டியைக் கண்டு நாம், பழைய பழக்கத்தில், மூக்கைத் திருத்தித் தந்துவிட்டோம். அவன் அதனை ஏற்றுக்கொண்டான், ஆனால் அதன் பின் அவன் கெண்டி நம் கெண்டியாகிவிட்டது. அவன் அதைத் தொடவே இல்லை. அப்பிழை நம்முடையது. அடுத்த முறை நாம் களிமண்ணைத் தொடவில்லை. நீரை ஊற்றச் சொன்னோம். குறை சொன்னது நீர்.

நம் ஊரிலிருந்து அரூர் வழியே போனால் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கே கட்டடக்கலை பயின்ற ஒரு தம்பதியர் 2004இல் ‘துளிர்’ என்னும் கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். பள்ளியைப் பாதியில் விட்ட மலைவாழ் இளைஞருக்கு அடிப்படைத் தொழில்நுட்பம் என்று ஒரு பயிற்சி. மண்ணாலும் மூங்கிலாலும் கட்டுவதும், மின் இணைப்பும், கைவேலையும் அதனுள் அடங்கும். அதே பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்களின் பூவேலை, முதியோர் சிலரிடமே எஞ்சியிருந்தது, ‘பொற்கை’ என்னும் அமைப்பின் வழியே மீண்டும் இளையோர் கைக்கு வந்தது. அகமதாபாத்துக்குப் போகாமலே அறிக்கையின் நல்ல பக்கம் நம் மாவட்டத்து மலையடிவாரத்தில் வாசிக்கப்பட்டிருக்கிறது என்பது நம் மதிப்பீடு. இத்தகையது ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் ஓர் அறையிலாவது வேண்டும் என்று கேட்டால் மிகையென்பர். கணக்கு ஆசிரியர் கடன் வாங்காத இரண்டு பாடவேளை என்று கேட்டாலும் மிகையென்பரோ?

நம் சனிக்கிழமை வகுப்பு ஆறு வாரத்தோடு காலாண்டுத் தேர்வின் பொருட்டு நின்றது. கடைசி நாளில் நான்கு பிள்ளைகள் சேர்ந்து பழைய தண்ணீர்ப் புட்டியின் மூடியில் துளையிட்டு, பேனாக் குழல் செருகி, மெழுகு வைத்து அடைத்து, ஒரு முத்துக்குக் கோடு கிழித்து ஒரு கெண்டி செய்து வந்தார்கள். பாத்திரம் ஒட்டுபவர் பேத்திதான் தலைவி. சாய்த்தோம். முதலில் ஒழுக்கு நன்றாகவே வந்தது. பாதியில் காற்று உள்ளே போக வழியின்றித் திக்கித் திக்கி நின்றது. பித்தளைக் கெண்டியை அவள் கையில் வாங்கி அதன் மேல்வாயை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின், “இதுக்கு மேல ஏன் திறந்தே இருக்குன்னு இப்பதான் தெரியுது ஐயா” என்று சொல்லிவிட்டு, ஆணி கேட்டாள்.